பின்னந்தலை

தலைக்குள் உப்புத் தண்ணீர் ஊற்றும்போது காற்றுக் குமிழ் தங்கிவிடக் கூடாது. தங்கினால் கரண்ட் அதைச் சுற்றிக்கொண்டு போகும்; அளவு தப்பாகிவிடும். அதனால் அவன் தலையைக் கவிழ்த்து மடியில் வைத்து, கழுத்து ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நடுநடுவே உள்ளங்கையால் தட்டுவான். குழந்தையை ஏப்பம் விட வைக்கிறான் என்று ஆய்வகத்தில் கிண்டல் செய்வார்கள். வெள்ளை பிளாஸ்டிக் தலை. காது உண்டு, பின்னந்தலை உண்டு, முகம் கிடையாது. புருவத்திலிருந்து மோவாய் வரை சீவிவிட்டதுபோல ஒரே சமதளம். உச்சியில் கறுப்பு மையில் 7 என்று எழுதியிருக்கும்.

ஞாபகம் தேய்ந்துபோனவர்களுக்கான ஆராய்ச்சி அது. மூளையின் ஆழத்தில், சுண்டுவிரல் நீளத்தில், கடற்குதிரைபோல் சுருண்ட ஒரு பகுதி இருக்கிறது. மண்டையைத் திறக்காமல் அதைத் தட்டி எழுப்ப வழி தேடுகிறார்கள். காதுகளைச் சுற்றி இரண்டு ஜோடிப் பட்டைகள், இரண்டு கரண்ட். ஒன்று நொடிக்கு இரண்டாயிரம் தடவை துடிக்கும், மற்றது இரண்டாயிரத்துப் பத்து. அத்தனை வேகத்தை மூளை சட்டை செய்யாது. இரண்டும் உள்ளே சந்திக்கும் இடத்தில் மட்டும், மிச்சமான அந்தப் பத்து மெதுவான அலையாக எழும். அது கடற்குதிரைக்குக் கேட்கும் என்பது நம்பிக்கை. நிரூபணம் இன்னும் இல்லை. ஆளுக்கு வைப்பதற்கு முன் ஏழுக்கு வைத்து, உள்ளே மெல்லிய கம்பி விட்டு, அலை சரியான இடத்தில்தான் எழுகிறதா என்று அளந்து பார்ப்பது அவன் வேலை.

ஏழு யார் என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். பெயர்ப் பட்டியலைப் பூட்டி வைத்திருக்கும் பதிவேட்டு அக்காவுக்கு, அவனுக்கு.

நான்கு வருடங்களுக்கு முன் ஒருநாள் ஸ்கேனுக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. வீட்டுச் சாவி வாங்கிப் போக வந்திருந்த அவன் மனைவி, கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறிப் படுத்தாள். அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் முகத்தை அளந்து பிரேம் பொருத்துகிறவள். குழாய்க்குள் போனதும், "மூச்சு விடலாமா, அதுக்கும் பர்மிஷன் வாங்கணுமா?" என்று கேட்டு அவளே சிரித்தாள். தலை அசைந்து முதல் படம் வீணானது. இரண்டாம் முறை ஒழுங்காகப் படுத்தாள். ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் படத்திலிருந்து முகத்தை வெட்டிவிடுவது விதி. வெட்டியது அவன்தான். அவள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அடப்பாவி, மூஞ்சியே இல்லாம என்னை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

"வீட்டுல ஒண்ணு இருக்கே, போதாதா?"

வெட்டிய படத்தை வைத்து வார்த்த பிளாஸ்டிக் தலைதான் ஏழு. வெட்டாத படத்தை விதிப்படி அழித்தான். சிரித்துக் கலங்கிய முதல் படத்தையும் குப்பை என்று அழித்தான். நிச்சயமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்றான்.

போன வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள். நான்காம் நாள் அவள் இல்லை. போனில் படங்கள் இருக்கின்றன. எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இந்தத் தலை மட்டும்தான் அசல் அளவு. காலையில் ஊற்றி, சாயங்காலம் வடித்து, மெத்தென்ற துணியால் துடைத்து வைக்கிறான். வீட்டில் இருப்பதைவிட இங்கே நேரம் போகிறது. யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அன்று காலை அக்கா ஒரு தாளோடு வந்தாள். தாளைச் சுருட்டிப் பிரித்தபடி நின்றாள்.

"தம்பி, இன்னியோட நம்ம வேலை முடியுது. படம் குடுத்த எல்லார்கிட்டயும் சம்மதம் கேக்கணும். இல்லாதவங்களுக்கு வீட்டுல உள்ளவங்க போடணும்."

தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, வேறு ஊரில் தொடங்கும் பெரிய ஆராய்ச்சிக்குக் கொடுப்பது; படமும் போகும், பிளாஸ்டிக் தலையும் போகும். மற்றது, எல்லாவற்றையும் அழித்துவிடுவது. தலையை உடைப்பதும் அதில் சேர்த்தி.

"நடுவுல இன்னொரு கட்டம் இல்லையாக்கா?"

"நாலு தடவ தேடிட்டேன்டா. இல்ல."

"நானே வெச்சுக்கறேன்னு எழுதிக் குடுத்தா?"

அக்கா தாளை மேசைமேல் வைத்தாள். "அஞ்சு மணிக்குள்ள குடு," என்றாள். "எதுல டிக் பண்ணாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

பதினோரு மணிக்குக் கடைசி ஆள் வந்தார். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், கூடவே அவர் மனைவி. அவர் அவனைப் பார்த்ததும், "தம்பி வேலைக்குப் புதுசா?" என்றார்.

"பன்னெண்டு வாரமா உங்களுக்கு அவரு புதுசுதான்," என்றாள் மனைவி.

"புதுசா இருந்தா நல்லதுதானே. பழசானா வீட்டுல மரியாதை இருக்காது. என்னைப் பாரு."

பட்டைகளை ஒட்டி அவரை உள்ளறை நாற்காலியில் சாய்த்துவிட்டு அவன் வெளியே வந்தான். அந்த அம்மாள் மேசையருகே உட்கார்ந்திருந்தாள்.

"நெசமாவே கரண்ட் போகுதா, இல்ல சும்மா ஒட்டி வெச்சிருக்கீங்களா?"

"எனக்கே தெரியாதும்மா. பாதிப் பேருக்குத்தான் போகும். யாருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லாது."

"சும்மாவே இருந்துட்டுப் போகட்டும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன செவ்வாக்கிழமை அடுப்படியில நிக்கறேன். பின்னாலேர்ந்து 'ஏ குட்டை'ன்னு ஒரு சத்தம். கல்யாணம் ஆன புதுசுல அப்படித்தான் கூப்பிடுவாரு. நாப்பது வருஷமாச்சு. திரும்பிப் பாத்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி தண்ணி குடிச்சிட்டு நிக்கறாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நானும் தெனமும் அடுப்படியிலயே நிக்கறேன்."

அவள் கை தானாக நீண்டு மேசைமேல் இருந்த தலையைத் தொட்டது. யாரையும் தொடவிடுவதில்லை அவன். சும்மா இருந்தான்.

"இது ஆம்பளையா, பொம்பளையா?"

சொல்லக் கூடாது. "பொம்பளைம்மா," என்றான்.

"பின்னந்தலை சப்பையா இருக்கே. கைக்குழந்தையில ஒரே வாட்டமா படுக்கப் போட்டிருப்பாங்க. பாவம், கிளிப்பு போட்டா நிக்காது."

"நிக்காது," என்றான்.

சொன்ன பிறகுதான் தன் குரல் காதில் விழுந்தது. தினம் காலையில் கண்ணாடி முன்னால் அவள் திட்டிக்கொண்டே நிற்பாள். கிளிப் வழுக்கித் தரையில் விழும். அவன் குனிந்து எடுத்துக் கொடுப்பான். இப்போதும் கட்டிலடியில் பெருக்கினால் ஒன்றிரண்டு வருகின்றன. அந்த அம்மாள் அவனை ஒரு கணம் பார்த்தாள். தலையிலிருந்து கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "இனிமே நாங்க எங்க போறது தம்பி?" என்றாள்.

"வேற ஊர்ல பெருசா பண்ணப் போறாங்கம்மா. உங்களுக்குக் கடுதாசி வரும்."

"இதுவும் அங்க போகுமா?"

மேசையைப் பார்த்துக் கேட்டாள். அவன் தெரியாது என்று தலையசைத்தான். அதற்குள் ரயில்காரர் படியிறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். அவள் ஓடிப் போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலரை மணிக்கு அவன் தாளைப் பிரித்தான். முதல் கட்டத்தில் குறி போட்டான். உறவு என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான். தலைக்கு வேண்டிய அட்டைப்பெட்டி, பஞ்சு வைத்து, கதவோரம் தயாராக இருந்தது. இனி தண்ணீரை வடிக்க வேண்டியதுதான் பாக்கி.

வடிக்கவில்லை. ஒயர்களை மாட்டினான். கம்பியைக் கழுத்து வழியே விட்டு, காதுக்குப் பின்னால் மூன்று விரற்கடை ஆழத்தில் நிறுத்தினான். அந்த இடம் கண்ணை மூடிக்கொண்டாலும் அவனுக்குத் தெரியும். முதல் கரண்டை இரண்டாயிரத்தில் வைத்தான். இரண்டாவதை இரண்டாயிரத்துப் பத்தில் வைக்காமல் குறைத்துக்கொண்டே வந்தான். பத்தாக இருந்த வித்தியாசம் ஐந்து, இரண்டு, ஒன்று. கடைசியில் ஒன்றில் கால் பங்கு. அந்த வேகத்தில் எந்த ஆராய்ச்சிக்கும் பிரயோஜனமில்லை. யாரும் வைத்துப் பார்த்ததில்லை.

திரையில் பச்சைக் கோடு மெல்லப் பருத்து உயர்ந்தது. இளைத்துத் தாழ்ந்தது. நான்கு நொடிக்கு ஒருமுறை. அசந்து தூங்குகிறவளின் மூச்சு.

கதவருகே செருப்புச் சத்தம் கேட்டது.

"தம்பி, மணி அஞ்சு."

"மேசைமேல இருக்குக்கா. கையெழுத்துப் போட்டாச்சு."

அக்கா தாளை எடுத்தாள், படித்தாள், போகவில்லை. அவன் திரும்பிப் பார்க்காமல், அந்தச் சப்பையான இடத்தில் உள்ளங்கையைப் பதித்து வைத்திருந்தான். கோடு உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயரத் தொடங்கியது.