வாசமில்லாத சவர்க்காரம்

திங்கட்கிழமை காலை நிலக்ஷியைப் பிள்ளை மடுவத்து வாசலில் இறக்கிவிட்டு அவள் அம்மா ரோகினி அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிப் போனார். அதன் பிறகுதான் குழந்தையின் சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன். இரண்டு முழங்கை மடிப்புகளும் மறுபடி சிவந்திருந்தன. வெள்ளிக்கிழமை நான் நோட்டில் எழுதியது எனக்கு மனப்பாடம்: "வலது மடிப்பில் வெடிப்பு மூடியிருக்கிறது. இடது மடிப்பில் செதில் மட்டும். இரவில் சொறியவில்லை என்று தாய் சொன்னார்." குனிந்து முகர்ந்தேன். மடுவத்தில் நாங்கள் கை கழுவும் சிவப்புச் சவர்க்காரத்தின் மருந்து வாசம் மூக்கில் ஏறியது. என் கையில் இருந்துதான் வருகிறதோ என்று சந்தேகம் வந்தது. வெறும் தண்ணீரில் கையைக் கழுவி, துடைத்து, மறுபடி முகர்ந்தேன். குழந்தையின் மேல்தான் அந்த வாசம்.

வட்டவளைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில் நான் உதவி ஆசிரியை. தாய்மார் மலையில் நிற்கும் நேரம் பதினேழு குழந்தைகளை நானும் அம்மாக்கண்ணு ஆயாவும் பார்த்துக்கொள்கிறோம். வாரத்தில் மூன்று நாள் மாலையில் ஹட்டனுக்குப் போய் முன்பள்ளி டிப்ளோமா படிக்கிறேன். அங்கே ஒரு நோட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கண்டதை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. என் வரிகளில் பாதி 'ஒருவேளை' என்று தொடங்குவதால் அந்தச் சொல்லையெல்லாம் அடித்துத்தான் திருப்பித் தருகிறார்கள்.

நிலக்ஷிக்கு மூன்றரை வயது. குளிர் கூடினால் அவள் தோல் காய்ந்து, முழங்கையிலும் முழங்காலின் பின்பக்கமும் வெடித்துவிடும். இது யாருக்கும் ஒட்டாது, தோலின் சுபாவம் அப்படி என்று கிளினிக் டாக்டர் கடிதமே எழுதிக் கொடுத்திருந்தார். வாசமில்லாத மென்மையான சவர்க்காரம், இளஞ்சூட்டுத் தண்ணீர், சீக்கிரமாக முடியும் குளிப்பு, ஈரம் காய்வதற்குள் களிம்பு. அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளில் அதற்கு ஒரே பெயர்தான், சொறி. கடிதத்தை நான் வாசித்துக் காட்டியபோது, கைக்குழந்தையோடு முன்னால் நின்ற தங்கேஸ்வரி அக்கா கேட்டார். "டாக்டரு புள்ளயா டீச்சர் இந்தப் பாயில படுக்குது? எங்க புள்ளைங்கதானே படுக்குது."

அதன்பின் நான்கு தாய்மார் சேர்ந்து தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தரிடம் போனார்கள். நிலக்ஷி வந்தால் தங்கள் பிள்ளைகளை விடமாட்டார்களாம். அவர் நல்ல மனிதர், ஆனால் எல்லோருக்கும் நல்லவர். இந்த வெள்ளிக்கிழமை பகல் வருவதாகவும், தாய்மார் அதே பிடியில் நின்றால் குழந்தையைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வதாகவும் என்னிடம் சொன்னார். ரோகினி அக்காவின் வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். அக்கா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குச் சம்பளக் கணக்கில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது.

சவர்க்காரம் தேடித் தருகிறேன் என்று சொன்னது நான்தான். முதலில் வாங்கியது, பெட்டியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கும் ரோஸ் நிறக் கட்டி. இரண்டு நாள் என் மணிக்கட்டில் பூசிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. உடுப்புச் சவர்க்காரத்தில் முகம் கழுவினாலும் ஒன்றும் ஆகாத தோல் என்னுடையது. அதில் பரிசோதித்து என்ன பயன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் நிலக்ஷியின் கை தீப்பட்டதுபோல் ஆனது. குழந்தைச் சவர்க்காரம்தானே என்று அதன் வாசத்தை நான் பொருட்படுத்தவில்லை. அந்த வாசம்தான் அவளைச் சுட்டிருக்க வேண்டும். ரோகினி அக்காவிடம் தப்பு என்னுடையது என்றேன். "டாக்டருங்களே நாலு மருந்து மாத்துறாங்க. நீங்க ஒரு சவுக்காரத்த மாத்துறதுக்கா கண்ணு கலங்குறீங்க?" என்றார்.

அடுத்த தடவை பெட்டியின் படத்தைப் பார்க்கவில்லை, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பார்த்தேன். ஹட்டன் மருந்துக் கடை நிரஞ்சன் மேல் தட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டியைத் தூசி தட்டி எடுத்தான். "இதுல வாசமும் இல்ல, நொரையும் இல்ல மிஸ். வாங்கிட்டுப் போறவங்க பாதிப் பேரு இது பழசுன்னு திருப்பிக் கொண்டாறாங்க." இம்முறை அக்காவின் சம்மதத்தோடு நிலக்ஷியின் கையிலேயே, ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில், இரண்டு நாள் போட்டுப் பார்த்தோம். சிவக்கவில்லை. ஒரு வாரத்தில் வெடிப்பு மூட ஆரம்பித்தது. இப்போது திங்கட்கிழமை, எல்லாம் பழையபடி.

பகல் சாப்பாட்டுக்குத் தாய்மார் இறங்கி வந்தபோது ரோகினி அக்காவைப் பின்பக்க விறாந்தைக்குக் கூப்பிட்டேன்.

"அக்கா, புள்ளய எதுல குளிப்பாட்டினீங்க?"

"நீங்க குடுத்ததுலதாங்க டீச்சர்."

கஞ்சிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு ஆயா தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அடியே ரோகினி, புள்ள ஆசுபத்திரி வார்டு மாதிரி மணக்குது. டீச்சருக்கு மூக்கு இல்லன்னு நெனச்சியா?"

அக்கா கொஞ்ச நேரம் தன் விரல்களில் படிந்திருந்த கொழுந்துக் கறையைச் சுரண்டினார். "நேத்து கோயிலடில தங்கேசு அக்கா புள்ளய மோந்து பாத்தாங்க டீச்சர். புள்ளைக்குத் தண்ணி வாக்காமலே தூக்கிட்டு வந்துட்டியான்னு அத்தன பேருக்கு முன்னால கேட்டாங்க. பீலில தண்ணி புடிச்சு, வெறகு மூட்டிக் காய்ச்சி ஊத்துனது நானு. ஒருத்தரும் நம்பல. சவுக்கார வாசம் இல்லாட்டி குளிச்சது எப்புடிங்க தெரியும்? இன்னைக்கு விடியக்காலம் சிவப்புக் கட்டியப் போட்டுத் தேச்சேன். புள்ள அழுதுச்சு. ஆனா ஊத்தையின்னு யாரும் சொல்ல மாட்டாங்கல்ல?"

ஹட்டன் பஸ்ஸில் ஏறுமுன் கழுத்து வெள்ளையாகத் தெரியும்படி பவுடர் போடுகிறவள் நான். அதை யாருக்காகப் போடுகிறேன்? நோட்டில் தோலுக்கு ஒரு கட்டம், தண்ணீர்ச் சூட்டுக்கு ஒரு கட்டம், தூக்கத்துக்கு ஒரு கட்டம் போட்டிருந்தேன். மற்றவர்களின் மூக்குக்குக் கட்டம் போடவில்லை.

அன்று மாலை வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. சட்டையில் மட்டும் வாசச் சவர்க்காரம் போடலாமா? சட்டையும் முழங்கையில்தானே உரசும். தாய்மாரைக் கூட்டி மறுபடி பேசலாமா? கடிதமே செய்யாததை என் பேச்சா செய்யப் போகிறது? திரும்பி வரும்போதுதான் அது தோன்றியது. முகர்ந்து நம்ப வழியில்லை என்றால், பார்த்து நம்பட்டும். பகலில் எல்லோரும் வரும் நேரத்தில், மடுவத்து விறாந்தையிலேயே வெள்ளைக் கட்டியால் குளிப்பாட்டலாம். உடனே அடுத்த சந்தேகமும் வந்தது. குழந்தையைக் காட்சிக்கு வைப்பதாகாதா?

காலையில் ரோகினி அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "மூணு வயசுப் புள்ளைக்கு என்னங்க வெக்கம்? எனக்குத்தான் வெக்கம்" என்றவர், சற்றுப் பொறுத்து, "நானே குளிப்பாட்டுறேன். நீங்க தண்ணி மட்டும் ஊத்துங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை யாரும் கிட்ட வரவில்லை. புதன்கிழமை இரண்டு பேர் கதவடியில் நின்று பார்த்தார்கள். வியாழக்கிழமை மழை. விறாந்தையில் சாக்குக் கட்டி மறைத்துக் குளிப்பாட்டினோம், சாக்கை விலக்கிக்கொண்டு ஐந்தாறு தலைகள் எட்டிப் பார்த்தன. நோட்டில் எழுதினேன்: "வலது மடிப்பில் சிவப்புக் குறைவு. இடது மடிப்பில்" என்று தொடங்கி, ஒருவேளை நான் குறைந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்க்கிறேனோ என்று நினைத்து, மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "குறைவு" என்று முடித்தேன்.

வெள்ளிக்கிழமை பகல் வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. பேசினில் தண்ணீரை விட்டு முழங்கையால் சூடு பார்த்தேன். ரோகினி அக்கா நிலக்ஷியைக் காலுக்கு நடுவில் நிறுத்தி, கட்டியைத் தன் உள்ளங்கையில் தேய்த்து, வெறும் கையால் தடவினார். சாப்பிட்ட கையோடு பெண்கள் சுற்றி நின்றார்கள். தங்கேஸ்வரி அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். பத்து மாதப் பெண் குழந்தை, எதைக் கண்டாலும் கையை நீட்டும்.

"நொரையே காணோம். இது சவுக்காரமா, சுண்ணாம்புக் கட்டியா?"

"நொரை வேணும்னா பீலிக்குக் கீழ போயிப் பாரு தங்கேசு" என்றார் அம்மாக்கண்ணு ஆயா. "காலையில உன் புருசன் சட்டையத் தொவச்ச நொரை இன்னும் வட்டவளை போய்ச் சேரல."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கேஸ்வரி அக்காவும் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார். ரோகினி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கோப்பைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தார். ஈரத்தோடே களிம்பைப் பூசிவிட்டு, யாரும் கேட்காமலே நிலக்ஷியின் இரண்டு கைகளையும் பிடித்து, முழங்கை மடிப்பு வெளிச்சத்தில் தெரியும்படி விரித்தார்.

"பாருங்க அக்கா. கிட்ட வந்து பாருங்க."

சண்டைக்குப் போகிற குரல். தங்கேஸ்வரி அக்கா ஓரடி தள்ளியே குந்தினார். மடிப்பைப் பார்த்தார், அப்புறம் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். நிலக்ஷி அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள்.

"ராவைல தூங்குதா?" என்று கேட்டார்.

"இப்பத் தூங்குது."

கீழே வளைவில் உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பெண்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். குந்தியிருந்ததில் தங்கேஸ்வரி அக்காவின் குழந்தை மடியிலிருந்து நழுவி, பேசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு, நிலக்ஷி குளித்து முடித்த தண்ணீரில் ஒரு கையை முழங்கை வரை விட்டு அளைந்தது. தங்கேஸ்வரி அக்காவின் கை சட்டென்று எழுந்து குழந்தையின் தோளுக்குப் போனது. போய், அங்கேயே நின்றது. மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நிற்கும்வரை அது குழந்தையை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. குழந்தை தண்ணீரை அடித்தது. துளிகள் இரண்டு தாய்மார் மேலும் நிலக்ஷி மேலும் தெறித்தன.