மஞ்சள் வண்டியும் குத்தூசியும்

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் தரணேந்திரனுக்கு ஐம்பதை நெருங்குகிற வயதில் ஒரு கிறுக்குப் பிடித்தது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும். புதிசெல்லாம் கைக்கு எட்டாது, பழசுதான். விழுப்புரத்தில் கல்யாண மண்டபம் நடத்தும் கண்ணையனிடம் ஒன்று விற்பனைக்கு இருக்கிறதென்று போனில் படம் வந்தது. மஞ்சள் நிறம், ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. பொத்தானை அமுக்கினால் கூரை மடங்கிப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அந்தப் படத்தை அவர் எடை போடும்போது பார்த்தார், சாப்பிடும்போது பார்த்தார், கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது ஒருமுறை பார்த்துத் தூணில் இடித்துக்கொண்டார்.

மனைவி ஜெயமதி படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இதுல ஒரு மூட்டை வெக்க எடம் கீதா?"

"மூட்டைக்குத்தான் லாரி கீதே. இது நாம ரெண்டு பேரும் போறதுக்கு."

ரெண்டு பேரும் என்றதும் அவள் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் ரெண்டு கண்டிஷன் போட்டாள். ஒன்று, வண்டியைக் கண்டபடி மாத்தி வைத்திருக்கக் கூடாது. அப்புறம் பேர் மாத்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். ரெண்டாவது, தோல் கூடாது. போன வருஷம் மேல்சித்தாமூர் சமண மடத்தில் அவள் ஒரு விரதம் எடுத்திருந்தாள். தோலைத் தொடுவதில்லை, காசு கொடுத்து வாங்குவதுமில்லை. அன்றிலிருந்து தரணேந்திரன் இடுப்பில் துணி பெல்ட்டு, பாக்கெட்டில் ரெக்சின் பர்சு.

"வாங்கிட்டு அப்புறம் பிச்சு எறிஞ்சிட்டா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"வாங்கினது வாங்கினதுதானேங்க. பிச்சு எறிஞ்சா போய்டுமா?"

அங்கேதான் வந்தது பேஜாரு. அந்த வண்டி கம்பெனியிலிருந்து வரும்போதே லெதர் சீட்டோடுதான் வரும். இதை அவர் நெட்டில் படித்திருந்தார். ஒன்றும் மாத்தாத வண்டி என்றால் அதில் லெதர் இருக்கும். லெதர் இல்லை என்றால் அது மாத்தின வண்டி. முதல் கண்டிஷனுக்கு ஒத்து வந்தால் ரெண்டாவது இடிக்கும், ரெண்டாவதுக்கு ஒத்து வந்தால் முதலாவது. இவள் உட்காராத வண்டியை வாங்கி அவர் என்ன பண்ணுவார்? அந்தப் படத்தில் அவருக்கு முதலில் தெரிந்ததே அந்த இன்னொரு சீட்டுதான். கண்ணையனிடம் போனில் பேசினார், விலைகூடப் பேசி முடித்தார். சீட்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. லெதர்தான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

வண்டி பார்க்கப் போகிற அன்றைக்கு, டிரைவிங் ஸ்கூல் நடத்தும் சிநேகிதன் ஜெகதீசனையும் கூட்டிக்கொண்டார். மூன்று பேரும் ஜெகதீசனின் எல் போர்டு காரில் விழுப்புரம் போனார்கள். ஜெயமதி மடியில் இட்டிலியும் மல்லாட்டைச் சட்னியும் போட்ட டிபன் கேரியர். அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபிறகு யாரும் சாப்பிடுவதில்லை. எங்கே போனாலும் சூரியனையும் ஒரு கண் பார்த்துக்கொண்டுதான் போவார்கள்.

மண்டபத்தில் அன்றைக்குச் சாயங்காலம் ஒரு நிச்சயதார்த்தம். வாசலில் மேளக்காரர்கள் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி, ஷெட்டில், மஞ்சள் வண்டி நின்றது.

தரணேந்திரன் போனை எடுத்துப் படத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தைவிட மஞ்சள்.

"வாங்க நயினாரே," என்று கண்ணையன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். "எம் பொண்ணு மாதிரி வளர்த்த வண்டி. ஒரு போல்ட்டுகூட மாத்தல. கம்பெனிக்காரன் எப்படிக் குடுத்தானோ அப்படியே கீது."

ஜெகதீசன் போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் தலையை விட்டார். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பொதுவாக மூன்று வேலை செய்வார்கள் என்று ரெண்டு பேரும் வீடியோவில் பார்த்திருந்தார்கள். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு தரையாக இறக்குவார்கள். சைலன்ஸரை மாத்தி ஊரையே எழுப்புவார்கள். எஞ்சினுக்கு வெறி ஏத்திவிடுவார்கள்.

"சைலன்ஸரு சுத்தம். பத்த வெச்ச அடையாளம் ஒண்ணும் இல்ல," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யும் ஒத்துப்போவுது. எவனும் கை வெக்கல."

"நாந்தான் சொன்னேனே," என்றார் கண்ணையன்.

ஜெகதீசன் வெளியே வந்து, சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் விரலை விட்டார். ரெண்டு விரல்தான் போக வேண்டும். முழுக் கையும் போனது.

"யோவ் தரணி, இங்க பாரு. எல்லாரும் இறக்குவான். இது ஏத்தி வெச்சிருக்குது."

"ஏத்தலைங்க," என்றார் கண்ணையன். "வெயில்ல நின்னு கொஞ்சம் உப்பிக்கிச்சு."

"உப்பறதுக்கு இது இன்னா பூரியா?"

தரணேந்திரன் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தார். வீட்டில் டியூப் லைட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சுவிட்சு ஒன்று திருகி வைத்திருந்தது. தட்டினார். வண்டியின் மூக்குக்குள்ளிருந்து மாவு கிரைண்டர் ஓடுவதுபோல ஒரு சத்தம் கிளம்பியது. அவசரமாக அணைத்தார்.

"இது என்னாங்க?"

"அது கம்பெனி சுவிட்சு நயினாரே. வெளிநாட்டுக்காரன் வெச்சது."

"வெளிநாட்டுக்காரன் இதை எங்க வாங்கினான், எம்.ஜி. ரோட்டு எலக்ட்ரிக் கடையிலயா?" என்றார் ஜெகதீசன்.

கண்ணையன் காது கேட்காத மாதிரி சாவியை நீட்டினார். "ஓட்டிப் பாத்துட்டு வாங்க. அப்புறம் பேசுங்க."

ஜெயமதி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ரெண்டு ஆண்களும் விக்கிரவாண்டி பக்கம் போனார்கள். ஊரைத் தாண்டி ரோடு காலியானதும் தரணேந்திரன் காலை அழுத்தினார். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல வண்டி பாய்ந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. என்ன சிரிப்பு என்று தெரியவில்லை, வயிற்றிலிருந்து வந்தது, நிற்கவே இல்லை. காற்றில் சட்டை பலூன் மாதிரி ஆனது. ஒரு கரும்பு டிராக்டரைத் தாண்டினார்கள். டிராக்டர்காரர் கை காட்டினார். இவர் ரெண்டு கையையும் காட்டினார்.

"கையை வெய்யா ஸ்டியரிங்குல," என்று ஜெகதீசன் கத்தினார். டிரைவிங் ஸ்கூல்காரர் ஆனதால் அவர் வலது கால் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. டோல்கேட் போய்த் திரும்பும்வரை மிதித்தார். இறங்கும்போது நொண்டினார்.

திரும்பும் வழியில்தான் தரணேந்திரன் கை சீட்டைத் தடவியது. வழவழவென்று, மெத்தென்று, கருகருவென்று இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஷெட்டில் வண்டியை நிறுத்தியபோது ஜெயமதி எழுந்து வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. கதவைத் தொடாமல் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, சீட்டு இன்னா போட்டிருக்குது?"

கண்ணையன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நெஞ்சை நிமிர்த்தினார். "அசல் லெதரும்மா. ஷோரூம்ல போட்டது. மாட்டுத் தோலு. தொட்டுப் பாருங்க."

ஜெயமதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வாங்க போவலாம்" என்று புருஷனிடம் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "வழியில எங்கனா நிறுத்திச் சாப்பிட்டுட்டுப் போவலாம். பொழுது எறங்குது."

கண்ணையனுக்கு ஒன்றும் புரியவில்லை. விலையைக் குறைக்கத்தான் இந்த நாடகம் என்று நினைத்துக்கொண்டார். "என்னாம்மா இப்படிச் சொல்லிட்டீங்க? அசல் சரக்கும்மா. என் கண்ணு மேல சத்தியமா அசல் சரக்கு."

மண்டியில் இருபத்தஞ்சு வருஷமாக இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத் தரணேந்திரனின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. மூட்டையைக் கொண்டுவந்து இறக்குகிறவன் அசல் சரக்கு என்று சத்தியம் பண்ணினால், கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போகும். அங்கே மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுக்கிற குத்தூசி இருக்கும். விரல் நீளத்துக்கு, நடுவில் குழிந்து, முனை கூராக. குத்தி இழுத்தால் உள்ளே என்ன இருக்கிறதோ அது வெளியே வரும்.

சத்தியம் என்ற சொல் காதில் விழுந்தது. கை போனது. சதக் என்று சீட்டில் குத்தி இழுத்துவிட்டார்.

மேளக்காரர் ஒருவர் டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"யோவ்," என்றார் கண்ணையன். குத்தின இடத்தை உள்ளங்கையால் பொத்தினார்.

தரணேந்திரனுக்கே தான் செய்தது அப்போதுதான் உறைத்தது. பிறத்தியார் வண்டி. இன்னும் கை மாறாத வண்டி. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவர், கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். குழிக்குள் கொஞ்சம் ஸ்பாஞ்சு. அதோடு வெள்ளை வெள்ளையாக நூல். குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணியின் நூல். ஆயுசெல்லாம் சாக்கையும் துணியையும் பார்த்த கண்ணு அது.

"துணி," என்றார். "ஜெயா, இங்க பாரு. அடியில நெய்த துணி. தோலுக்கு அடியில ஏது துணி? இது ரெக்சினு."

ஜெயமதி ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். தன் கைப்பையைத் திருப்பி, உள்பக்கம் பிரிந்திருந்த இடத்தையும் பார்த்தாள். அதே நூல்.

"அண்ணா," என்றாள் கண்ணையனிடம், "சீட்டை மாத்தினீங்களா இல்லையா? உண்மையச் சொல்லுங்க."

"ஒரு போல்ட்டுகூட..."

"மாத்தினேன்னு சொல்லுய்யா," என்று தரணேந்திரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் கெஞ்சியது. "மாத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே வண்டிய எடுத்துக்கறேன்."

கண்ணையன் ஜெகதீசனைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் குறை சொல்லி வாங்கியவனைப் பார்த்திருக்கிறார். குறை இருக்கிறதென்று சொல்லச் சொல்லி அழுகிறவனைப் பார்த்ததில்லை.

"அவங்க தோல் தொட மாட்டாங்க," என்றார் ஜெகதீசன். "விரதம்."

கண்ணையன் அப்படியே வண்டியின் மூக்கில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மடை திறந்த மாதிரி கொட்டினார். வண்டியை வாங்கியதே மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடத்தான். முதலில் வெள்ளை லெதர்தான் இருந்தது. செஞ்சியிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை மடியில் சந்தனக் கிண்ணம் கவிழ்ந்து, சீட்டு புலி மாதிரி வரி வரியாகிவிட்டது. மூணு வருஷத்துக்கு முன்னாலேயே அத்தனையும் பிய்த்துவிட்டு ரெக்சின் போட்டாயிற்று.

"ஸ்டியரிங்கு?" என்றாள் ஜெயமதி.

"அதுவும் ரெக்சினுதாம்மா."

"கியரு?"

"அதுல மூடி பிளாஸ்டிக்கு. ஸ்பிரிங்கையும் நாந்தான் ஏத்தினேன், ஊர்வலம் போற தெருவுல ஸ்பீடு பிரேக்கரு மலை மாதிரி போட்டு வெச்சிருக்கான். பழைய ஸ்பிரிங்கு ஸ்டோர் ரூம்ல பெரிய அண்டாவுக்குள்ள பத்திரமா கீது, தர்றேன். அந்தச் சுவிட்சு, அது எக்ஸ்ட்ரா ஃபேனு. இந்த வண்டி வேகமாப் போனா ஒண்ணும் ஆவாது. மேளத்துக்குப் பின்னால நடையா நடந்தாத்தான் சூடாயி நின்னுடும். மூக்குல ஒரு ஃபேன் வெச்சேன்." ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எதிரில் ரெண்டு முகமும் மலர்வதைப் பார்த்து அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "இன்னும் வேணும்னா எஞ்சினையும் மாத்தினேன்னு வெச்சுக்கங்களேன்."

"அது வேணாம்," என்று ஜெகதீசன் தடுத்தார். "ஊரே வேகமாப் போவ வண்டிய மாத்துது. மெதுவாப் போவ மாத்தினவரு நீங்க ஒருத்தருதான்."

"ஜெயா, அப்போ மொத கண்டிஷனு?" என்று தரணேந்திரன் பயந்துகொண்டே கேட்டார்.

ஜெயமதி கொஞ்சம் யோசித்தாள். "கண்டபடி மாத்தக் கூடாதுன்னுதான் சொன்னேன். இது பாத்துத்தான் மாத்தியிருக்குது. ஊருக்குப் போனதும் ஸ்பிரிங்கை மட்டும் பழசப் போட்டுடுங்க." சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து, ஒரு கையால் புடவையை ஒதுக்கி, ஏறி உட்கார்ந்தாள்.

தரணேந்திரன் அட்வான்சைக் கண்ணையன் கையில் திணித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடினார். ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மறுபடி அந்த வயிற்றுச் சிரிப்பு. சீட்டு இடுக்கில் விரல் விட்ட ஜெயமதிக்கு மஞ்சள் தடவிய அரிசி ரெண்டு கிடைத்தது. யார் கல்யாணத்து அட்சதையோ. எடுத்துப் புருஷன் தலையில் போட்டாள்.

வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்தது. வாசலில் இருந்த மேளக்காரர்கள் பார்த்தார்கள். வருஷக்கணக்காக இந்த மஞ்சள் வண்டி கூரையைத் திறந்துகொண்டு ஜோடியோடு வெளியே வந்தால் அவர்கள் செய்வது ஒன்றுதான். டீ கிளாஸ் கீழே போனது, நாதஸ்வரம் மேலே போனது, தவில் பிடித்துக்கொண்டது. நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்தவர்கள் பாதிப் பேர் தங்கள் வீட்டு விசேஷம்தான் ஆரம்பித்துவிட்டதென்று பின்னாலேயே கிளம்பினார்கள். கண்ணையன் "யோவ், இவங்க இல்லய்யா" என்று கத்தியது தவில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

தெரு நிறைந்துவிட்டது. முன்னால் மேளம், நடுவில் மஞ்சள் வண்டி, பின்னால் ஜெகதீசனின் எல் போர்டு கார். ஒரு அம்மா வந்து ஜெயமதிக்கு மல்லிப்பூ கொடுத்துவிட்டுப் போனாள்.

"இப்படிப் போனா திண்டிவனம் போய்ச் சேர நாளைக்கு ஆயிடும்," என்றார் தரணேந்திரன். சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஜெயமதி மேற்கே பார்த்தாள். சூரியன் ஒரு மாடி வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு மேலே நின்றது. இன்னும் கொஞ்சம்தான். மடியில் கேரியரைத் திறந்து, இட்டிலியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு அவர் வாயில் வைத்தாள். அடுத்ததைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஓவென்று கை தட்டியது.

வண்டியின் மூக்கிலிருந்து லேசாக ஆவி வந்தது.

"சூடாவுது பாருங்க," என்றாள் வாயில் இட்டிலியோடு. "அந்த ஃபேனைப் போடுங்க."