முப்பத்தேழாவது எச்சரிக்கை

பம்பு செய்யும் அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவனைப் போஸ்ட்மேன் என்றுதான் கூப்பிட்டார்கள். பையும் கிடையாது, சைக்கிளும் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் இருந்த குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, முந்நூறு பேருடைய மெயில் வந்து போகிற சர்வரைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. பதினான்கு வருடமாக அவன் எல்லோருக்கும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிவந்தான்: "எரர் வந்தா என்னைக் கூப்பிடுங்க. வார்னிங் வந்தா போய் டீ குடிங்க."

அது முழுப் பொய்யும் இல்லை. எரர் வந்தால் சர்வர் படுத்துவிடும், பத்து நிமிடத்தில் கம்பெனியே வாசலில் வந்து நிற்கும். வார்னிங் அப்படிக் கத்தாது. சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அப்படி மெதுவாகச் சொல்கிறவர்களை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்?

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சர்வர் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினான். முடிந்ததும் திரையில் நாற்பத்தொரு வார்னிங் வரிசை கட்டி நின்றன. முதல் நான்கைப் படித்தான். நான்கும் ஒரே ரகம்: இந்த அமைப்பின், அதாவது செட்டிங்கின், பெயர் மாறிவிட்டது, பழைய பெயரையும் இப்போதைக்கு ஏற்றுக்கொள்கிறேன். மிச்சமும் அதே கதைதான் என்று முடிவு கட்டினான். தனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தான், வந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

இந்த வியாழக்கிழமை காலை அக்கா போன் செய்தாள்.

"தம்பி, பாப்பா இந்த மாசம் எழுதலடா. அஞ்சாந்தேதிக்கு மேல அவ தள்ளிப்போட்டதே இல்ல."

போனை வைத்த கையோடு அந்தப் பழைய வார்னிங் பட்டியலைத் திரையில் திறந்தான்.

அக்காவும் அதே கம்பெனியில்தான் வரைபடப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். நான்கு வருடத்துக்கு முன் அத்தான் பெற்ற மகளான பாப்பாவுக்கே வாசலைக் காட்டினார். அக்கா பக்கத்தில்தான் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. அத்தான் மண்டையைப் போட்ட பிறகும் அந்தப் பெண் திரும்பவில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு மெயில், அக்காவின் ஆபீஸ் முகவரிக்கு மட்டும் எழுதினாள். முதல் மெயிலை அக்கா அவனிடம் காட்டியிருக்கிறாள்: 'பதில் போடாதே, போட்டால் நிறுத்திவிடுவேன். இந்த முகவரி இருக்கிறவரை எழுதுவேன். நீ இதை மூடிவிட்டால், நீயும் என்னை வேண்டாம் என்று சொல்கிறாய் என எடுத்துக்கொள்வேன்.' அதன் பிறகு வந்ததெல்லாம் இரண்டு மூன்று வரிகள்தான். வேலை மாறினேன். காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. அந்த இரண்டு வரிகளை வைத்துக்கொண்டு அக்கா ஒரு மாதத்தை ஓட்டுவாள்.

ஓய்வு பெற்றவர்களின் முகவரியை மூட வேண்டும் என்பது கம்பெனி விதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேனேஜர் முகவரிப் பட்டியலை அச்செடுத்து வாங்கி, போனவர்களின் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பார். அக்கா ஓய்வு பெற்றபோது போஸ்ட்மேன் அவர் கண்ணில் மண்ணைத் தூவினான். பட்டியலில் பெயரை எடுத்துவிட்டு, யாரும் எட்டிப் பார்க்காத அமைப்புக் கோப்பின் அடியில் ஒரே ஒரு வரி சேர்த்தான்: அக்காவின் பழைய முகவரிக்கு எது வந்தாலும் அவள் வீட்டு முகவரிக்குத் தள்ளிவிடு. அதற்கு அவன் பயன்படுத்தியது அந்தக் காலத்து அமைப்பு. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

இப்போது நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் படித்தான். முப்பத்தாறு வரை எல்லாம் நல்ல பிள்ளைகள். முப்பத்தேழாவது, அவன் சேர்த்த வரியின் எண்ணைச் சொல்லி, இப்படி ஓர் அமைப்பு இனி இல்லை, இந்த வரியை விட்டுவிட்டேன் என்றது. மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறது.

யார் எப்போது எழுதினார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்து அக்கா மகளின் முகவரியைத் தேடினான். மூன்றாம் தேதி காலை ஒன்பது பன்னிரண்டு. ஒன்பது பதினைந்து. ஐந்தாம் தேதி காலை எட்டு மணி. மூன்று தடவை வந்திருக்கிறாள். யாருக்கு என்று கேட்டவுடனேயே சர்வர் திருப்பி அனுப்பிவிட்டதால் கடிதம் உள்ளேயே வரவில்லை. என்ன எழுதினாள் என்பது இந்த உலகத்தில் எந்த டிஸ்கிலும் இல்லை.

வரியைச் சரிசெய்ய அரை நிமிடம்கூட ஆகவில்லை. புதிதாக ஒரு முகவரி உண்டாக்கி, 'மாமா எழுதறேன், தப்பு என்னோடது, அம்மா எதையும் மூடல' என்று அவளுக்கு அனுப்பினான். உடனே திரும்பி வந்தது. அவளுடைய மெயில் பெட்டியே மூடப்பட்டுவிட்டதாம். வேறு போன் நம்பரோ வீட்டு விலாசமோ யாரிடமும் இல்லை.

மூன்று மணிக்கு அக்கா நேரிலேயே வந்துவிட்டாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள்.

"திருப்பி அனுப்பினப்ப அவளுக்கு ஏதாவது சொல்லி அனுப்புமா?"

அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தான். விளம்பர மெயில்காரர்கள் தொல்லை பொறுக்காமல், எட்டு வருடத்துக்கு முன் அவனே ஒரு வாசகம் எழுதிவைத்திருந்தான். சுருக்கென்று இருக்கிறது என்று மேனேஜர்கூட முதுகில் தட்டிக்கொடுத்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தான். பிறகு திரையைப் பார்த்து வாசித்தான்.

"'இந்த முகவரியில் உங்களுக்கு யாரும் இல்லை. இனிமேல் எழுத வேண்டாம்.'"

அக்கா திரைப்பக்கம் குனிந்து அதைத் தானே ஒருமுறை படித்தாள்.

"மூணு தடவையும் இதேதானா?"

"ஆமாக்கா."

"மிஷின் தானா எழுதினதா?"

"நான் எழுதினதுக்கா."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"மொத தடவ நம்பாமத்தான் ரெண்டாவது தடவ அனுப்பியிருப்பா," என்றாள். "அப்புறம் ரெண்டு நாள் யோசிச்சிருக்கா." பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அந்த வரிய மட்டும் எடுத்துடாத."

"எடுக்க மாட்டேன்க்கா."

அவள் போன பிறகு மிச்சமிருந்த நாற்பதையும் உட்கார்ந்து சரிசெய்தான். மறுபடி சோதித்துப் பார்த்தான். எரர் இல்லை, வார்னிங் ஒன்றுகூட இல்லை. பதினான்கு வருடத்தில் அந்த சர்வர் இவ்வளவு சுத்தமாக இருந்ததே கிடையாது.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அக்கா போன் செய்யவில்லை. சாயந்தரம்வரை பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவன்தான் செய்தான்.

"வரலக்கா."

"தெரியும்டா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.