தோற்க வந்த தேங்காய்கள்

வல்லிபுரம் தோற்பதற்கென்றே தேங்காய் தேடிப் போனது அந்த வருடம்தான் முதல் தடவை. இணுவிலில் புகையிலைத் தோட்டம் செய்கிறவன். ஆனால் அவன் பேர் வெளியூர்வரை போனது போர்த்தேங்காயால். சித்திரை வருடப்பிறப்பன்று ஒருவன் தன் தேங்காயை நிலத்தில் வைப்பான். மற்றவன் தன் தேங்காயால் அதை ஓங்கி அடிப்பான். எது உடைகிறதோ அதன் சொந்தக்காரன் தோற்றான். இந்த அடிபாட்டுக்காக வல்லிபுரம் மாசி பிறந்ததுமே ஊர் ஊராய்த் திரிவான். நகத்தால் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, பெண் பார்க்கிறவனைவிடக் கவனமாகத் தடித்த சிரட்டைத் தேங்காய் பொறுக்குவான்.

அப்பேர்ப்பட்டவனை 1940இல் ஒரே அடியில் மண் கவ்வ வைத்தவன் இளையதம்பி. வல்லிபுரத்தின் மனைவி பாலேஸ்வரிக்குத் தமையன், மலாயாவில் றெயில்வே கிளாக்கர். விடுப்பில் வந்து வென்றவன், அந்தத் தேங்காயைத் தன் மனைவி நல்லம்மாவின் கையில் கொடுத்தான். தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வருடா வருடம் களத்தில் இருக்கவேண்டும் என்று சிரித்துச் சொல்லிவிட்டுக் கப்பலேறினான். நல்லம்மா அதை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தாள். அடுத்த வருடமும் அது நிலத்தில் சும்மா இருந்தபடியே ஊரை வென்றது.

பிறகு யப்பான்காரன் மலாயாவுக்குள் வந்தான். சிங்கப்பூர் விழுந்தது, கடிதமும் நின்றது. 1942இல், சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாள் இருக்கையில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. கொழும்பை விட்டு ஓடிவந்த சனம் றெயில் கோச்சி நிறைய வந்து இறங்கியது. ஊர்வாய் சும்மா இருக்குமா? இளையதம்பி போய்விட்டான் என்று ஊரில் பாதிப் பேர் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். இல்லையென்ற மற்றப் பாதிக்கும் நல்லம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. செத்த வீட்டுக்கு வருடப்பிறப்பு இல்லை, ஊஞ்சல் இல்லை. நல்லம்மாவின் வீட்டு வளவுப் புளியமரத்தில்தான் ஊர்ப் பெண்கள் வழமையாக ஆடுவார்கள். ஆகவே எல்லாக் கண்ணும் அந்தப் புளியமரத்திலேயே இருந்தது.

நல்லம்மா ஊஞ்சல் கட்டினாள். கயிறும் பலகையுமாக ஆள் பிடித்துத் தானே முன்னுக்கு நின்று கட்டுவித்தாள். தேங்காயும் களத்துக்கு வரும் என்று சொல்லியனுப்பினாள்.

பாலேஸ்வரி அன்றே புருசனைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணையின்ரை தேங்காயை உடைச்சுப்போட்டு இந்த வாசல் படலையைத் திறக்காதேங்கோ," என்றாள். வல்லிபுரத்துக்கு அவள் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அந்தத் தேங்காய் உடைந்தால் நல்லம்மாவின் தாலியே அறுந்ததாக ஊர் கதைக்கும். அந்த அடி தன் கையால் விழக்கூடாது. களத்துக்கு வராமல் விட்டாலோ, இளையதம்பி செத்தான் என்று தானும் ஒப்புக்கொண்டதாகும். ஆகவே சந்தைக்குப் போய், தட்டித் தட்டி, இருந்ததிலேயே மெல்லிய ஓடாக ஒன்றை எடுத்தான். கடைக்காரன் இவனுக்கு என்ன பிடித்துவிட்டதோ என்று பார்த்தான். வீடு வந்துசேரும் வரையில் வல்லிபுரம் அதைத் துவாய்த் துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டே வந்தான்.

வருடப்பிறப்பன்று புளியமரத்தின் கீழே களம். ஒரு பக்கம் பெண்கள் ஊஞ்சலில். நல்லம்மா பலகையின் ஓரத்தில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தாள். நடுவே, புகை குடித்துக் கறுத்த இளையதம்பியின் தேங்காய். முதலில் முருகேசு அடித்தான். அவன் தேங்காய் அப்பளம்போல நொறுங்கியது. அடுத்தவனுடையதும் அப்படியே. அதற்கடுத்தவனுடையதும். தோற்றவர்கள் கவலைப்படுவதாக நடித்த நடிப்பைப் பார்த்தபிறகுதான் வல்லிபுரத்துக்கு விளங்கியது. ஒருவருக்கொருவர் மூச்சுக் காட்டாமல், அத்தனை ஆம்பிளைகளும் தன்னைப் போலவே தோற்க வந்திருக்கிறார்கள். புகையிலைக் கன்றுக்கு நீர் இறைக்கிற முறைக்காகக் கூடப்பிறந்தவனோடு வருடக்கணக்கில் கதையாமல் இருப்பவர்கள் இவர்கள்.

கடைசியாக அவன் முறை. குழந்தையின் முதுகில் தட்டுகிறமாதிரித்தான் அடித்தான்.

கறுத்த தேங்காய் இரண்டாகப் பிளந்தது. இரண்டு வருடப் புகையில் அது உள்ளே காய்ந்து வெடித்திருந்ததோ என்னவோ. அவனுடைய மெல்லிய தேங்காய் கையில் கீறல் இல்லாமல் இருந்தது. ஊஞ்சல் நின்றது. வல்லிபுரம் தன் மச்சானைத் தானே அடித்துக் கொன்றவன்போல நின்றான்.

"என்ன அண்ணைமார், தோற்கத்தானே வந்தனீங்கள்?" என்றாள் நல்லம்மா. அவள் மேலிருந்து எல்லாருடைய மெல்லிய சிரட்டையையும் பார்த்திருந்தாள். காலை உன்னி ஊஞ்சலை ஆட்டத் தொடங்கினாள். ஆடிக்கொண்டே, முன்பு ஒருவரும் பாடாத ஒன்றைப் பாடினாள்.

உடைஞ்சது தேங்காய்தானே – தோழி
உடைஞ்சது தேங்காய்தானே
தோற்கவெண்டு வந்தாரே
எங்கடை அண்ணைமாரெல்லாம்

ஊரழிக்க வாற ராசாமார்
உப்பிடித் தோற்க வருவினமோ
மண்டையொண்டும் உடையாமல்
மாளிகையும் இடியாமல்

சிரட்டை மட்டும் உடையட்டும்
சேந்திருந்து தின்போமே
சொட்டைக் கூடித் தின்போமே – தோழி
உடைஞ்சது தேங்காய்தானே

இரண்டாம் தரம் மற்றப் பெண்களும் சேர்ந்து பாடினார்கள். கெட்ட சகுனமென்று அத்தனை பேரும் நினைத்த ஒன்றை, அந்த இடத்திலேயே, கண்ணீரும் துடைக்காமல், உலகத்துக்கே வேண்டுதலாக்கிவிட்டாள் அந்த மனிசி. வல்லிபுரம் குந்தியிருந்து அழுதான். பிறகு எழும்பித் தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளைப் பொறுக்கி ஆளாளுக்குக் கொடுத்தான். பாலேஸ்வரியும் படலையைத் திறந்துதான் விட்டாள்.

பாட்டு இணுவிலுக்குள் நிற்கவில்லை. அடுத்த வருடப்பிறப்புக்கு எத்தனையோ ஊர் ஊஞ்சல்களில் அது ஆடியது. மானிப்பாயில் கிறிஸ்தவ வேதக்காரப் பெட்டைகள் ஊஞ்சல் இல்லாமலே நத்தார்ப் பண்டிகைக்குப் பாடினார்கள். ராசாமாரைத் தோற்கச் சொல்வது எங்கடை வெள்ளைக்கார ராசாவுக்கும் சேர்த்தோ என்று ஊர்த் தலைமை விதானையார் ஒருநாள் வந்து கேட்டார். எந்த ராசா என்று தான் சொல்லவேயில்லையே, ஐயாவுக்கு ஏன் எங்கடை ராசாவின் ஞாபகம் வந்தது என்று நல்லம்மா கேட்க, மனிசன் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். இணுவிலில் மெல்லிய தேங்காய் கொண்டுவருவதுதான் பெருமை என்றாகியது. வல்லிபுரம் மட்டும் ஒவ்வொரு வருடமும் அந்தப் பிளந்த தேங்காயைக் கனவில் கண்டான்.

1946 பங்குனியில் இளையதம்பி வந்துசேர்ந்தான். சயாமில் றெயில் பாதை போட யப்பான்காரர் கொண்டுபோனார்களாம். அவ்வளவுதான் சொன்னான். எலும்பும் தோலுமாக இருந்தான்; படலை சாத்துகிற சத்தத்துக்கும் திடுக்கிட்டான். தேங்காயைப் பற்றி அவன் கேட்கவில்லை. வல்லிபுரமும் வாய் திறக்கவில்லை.

வருடப்பிறப்பன்று அவனைப் புளியமரத்தின் கீழே கதிரை போட்டு இருத்தினார்கள். ஊஞ்சல் மெல்ல ஆடியது. முதல் தேங்காய் படீரென்று உடைந்ததுதான் தாமதம், இளையதம்பி கதிரையிலிருந்து விழுந்து, தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு மண்ணோடு மண்ணாகக் கிடந்தான். எல்லாருக்கும் முன்பு வல்லிபுரம்தான் ஓடிப்போய் அவன் பக்கத்தில் குந்தினான்.

"என்ன உடைஞ்சது?" இளையதம்பி முகத்தை எடுக்காமல் கேட்டான்.

"தேங்காய் மச்சான்."

அவன் நம்பவில்லை. கை தலையை விடவில்லை. அப்போது ஊஞ்சலிலிருந்து நல்லம்மா பாட்டைத் தொடங்கினாள், தாலாட்டுகிற அளவு குரலில். உடைஞ்சது தேங்காய்தானே. மற்றப் பெண்களும் சேர்ந்தார்கள். பிறகு, வழக்கத்தில் இல்லாதபடி, சுற்றி நின்ற ஆம்பிளைகளும் சேர்ந்தார்கள். அந்தப் பாட்டு முழுதும் முடிந்து திரும்பத் தொடங்கியபோது இளையதம்பியின் கை இறங்கியது. வல்லிபுரம் அதில் ஒரு தேங்காய்ச் சொட்டை வைத்தான். அவன் மூக்கில் பிடித்து மணந்து பார்த்தான். பிறகு மெல்லக் கடித்தான்.

வல்லிபுரத்துக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "மச்சான், உன்ரை தேங்காயையும் நான்தான் உடைச்சுப்போட்டன்," என்றான்.

இளையதம்பி மென்று விழுங்கினான். எழும்பி உட்கார்ந்து, ஊஞ்சலையும், பாடுகிற சனத்தையும், அழுகிற மச்சானையும் பார்த்தான்.

"அதுக்கேன்ரா அழுகிறாய்," என்றான். "தேங்காய்தானே."