ஏழு மூன்றுக்கு வந்த ஆஜர்

பாண்டியன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது காலை மணி ஐந்தரை. மழை விட்டிருந்தது. விட்டிருந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. மூன்று நாளாகக் கொட்டித் தீர்த்துவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "இப்பவே போயிட்டு வந்துடுங்க, மறுபடி புடிச்சிக்கிச்சின்னா போவ முடியாது" என்று அவனை எழுப்பி, பேட்டரியைப் பையில் வைத்து, ரெயின்கோட்டை மாட்டிவிட்டு அனுப்பியது அவன் மனைவி நீலாவதிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்குக் காலை முழுக்க அவளும் இதைத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீலாவதிக்கு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சூளைக்குப் பொறுப்பாளர் வேலை. ஃபியூஸ் கட்டைகள் வேகும் சூளை அது. சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஒரு லோடு சரக்கு குப்பைக்குப் போகும். அதனால் சூளையின் சூட்டை மணிக்கொரு தடவை தானாகவே எழுதி அனுப்ப ஒரு சின்ன ரேடியோ பெட்டியை அவளே செய்து வைத்தாள். அதைப் பார்த்து ஆசைப்பட்டவர் தர்மராஜ். பக்கத்து ஷெட்டில் அச்சுப் பட்டறை வைத்திருப்பவர். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து, பரீட்சை எழுதி, அமெச்சூர் ரேடியோ லைசென்ஸும் வாங்கிவிட்டார்கள். அப்புறம் சும்மா இருப்பார்களா? ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தொன்பதாகி, சூளைப் புகைபோக்கி, பள்ளிக்கூட மாடி, தண்ணீர்த் தொட்டி என்று விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் வரை, அந்தப் பக்கம் ஸ்ரீமுஷ்ணம் வரை பெட்டிகள் ஏறி உட்கார்ந்துகொண்டன.

சோப்பு டப்பா அளவுப் பெட்டி. சிம் கிடையாது, டவர் வேண்டாம். போனில் ஒரு வரி தட்டினால் பக்கத்துப் பெட்டி அதை வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும், அது அதற்கடுத்ததுக்கு. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி கை மாறுகிற மாதிரிதான். ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. இந்த மழையில் முதல் ராத்திரியே செல்போன் டவர்கள் எல்லாம் படுத்துவிட்டன. சிரித்தவர்கள் ஒவ்வொருவராகத் தர்மராஜ் பட்டறை மாடிப்படி ஏறி, "எங்க அக்கா வூட்டுக்கு ஒரு சேதி போட முடியுங்களா?" என்று நின்றார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலை ஏழு மணிக்குத் தர்மராஜ் "பேர் சொல்லுங்க" என்று தட்டுவார். பெட்டி வைத்திருக்கிற எல்லாரும் ஐந்து நிமிடத்துக்குள் "ஆஜர்" என்று தட்ட வேண்டும். தட்டாதவர்கள் பெயரை அவர் எல்லாரும் பார்க்கும்படி போடுவார், கூடவே ஒரு குத்தலும் இருக்கும். பாண்டியன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஏழு மணிக்கு டீக்கடையில் இருப்பான், இல்லாவிட்டால் வண்டிக்குக் கீழே இருப்பான். "ஊருக்கே ரேடியோ கத்துக்குடுக்கிறவங்க வூட்டுலயே ஆஜர் இல்ல" என்று தர்மராஜ் நாலாவது தடவை போட்டபோது நீலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். சூளைப் பெட்டி சூட்டைத் தானாக அனுப்புகிறதல்லவா? அதே வேலையைப் புருஷனின் பெட்டிக்கும் பழக்கிவிட்டாள். தினமும் ஏழு மணிக்கு மேல் "ஆஜர்" என்று அது தானே சொல்லும். ஒரே நிமிடத்தில் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு நாள் ஏழு இரண்டு, ஒரு நாள் ஏழு நான்கு என்று மாற்றி மாற்றிச் சொல்லும்படி வைத்தாள். அவ்வளவு சாமர்த்தியம். பாண்டியனிடம் சொல்லவில்லை. சொன்னால் டீக்கடையில் அதையே ஒரு கதையாகச் சொல்லிச் சிரிப்பான். அவன் அந்தப் பெட்டியை வண்டிப் பையில் போட்டு வைத்திருப்பதோடு சரி. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நான்கு மாதமாகப் பாண்டியன் ஒழுங்காக ஆஜர் ஆகிக்கொண்டிருந்தான். தர்மராஜே ஒரு நாள் நீலாவதியிடம் அவனைப் பாராட்டினார்.

முந்தின நாள் மாலை பட்டறையில் எல்லாரையும் உட்கார வைத்துத் தர்மராஜ் புதுசாக ஒன்று சொன்னார். "நாளையிலேருந்து ஆஜர் வெளயாட்டு இல்ல. யாரு பதில் சொல்லலியோ அவங்கள தேடி ஆளு போவும். ஃபயர் சர்வீஸ்ல பேசிட்டேன்." பாண்டியனும் அங்கே இருந்து கேட்டுத் தலையாட்டினான். அந்த நிமிடமே நீலாவதி அந்தத் தானியங்கி ஆஜரை நிறுத்தியிருக்க வேண்டும். சூளைக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று ஒருவன் ஓடி வந்தான். அவளும் ஓடினாள். மறந்துபோனாள்.

இனி அந்தக் காலைக்கு வருவோம். கம்மாபுரம் தாண்டி ஒரு சின்ன ஊரில், தண்ணீர்த் தொட்டி மேலே இருக்கிற பெட்டியின் பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்த ஊருக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே நூல் அதுதான். அதை மாற்றத்தான் பாண்டியன் போனான். ஆறு இருபதுக்குத் தொட்டிப் பெட்டி உயிர்பெற்று நீலாவதியின் போனில் பச்சைப் புள்ளியாக எட்டிப் பார்த்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு பதினைந்து நிமிடம். ஆறு முப்பத்தைந்துக்கு அதே ஊரிலிருந்து யாரோ தட்டிய வரி வந்தது: "ஓடை ஒடைஞ்சிடுச்சி. ரோட்டு மேல ஆளு ஒசரம் தண்ணி." அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அவள் பட்டறை மாடிக்கு ஓடினாள். தர்மராஜ் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஃபயர் சர்வீஸ் அதிகாரி சாமிதுரை டீ குடித்துக்கொண்டிருந்தார். கீழே ஜீப்பின் பின்னால் ரப்பர் படகு கட்டியிருந்தது. தாலுகா முழுசுக்கும் அந்த நேரத்தில் இருந்தது அந்த ஒரு படகுதான். ஏழு மணிக்கு ஆஜர் எடுத்து, பட்டியலைத் தர்மராஜ் தன் பெரிய ரேடியோவில் கடலூருக்கு அனுப்புவார். மடிக்கணினியில் தட்டிய எழுத்தெல்லாம் கீச்சு கீச்சென்று சத்தமாகப் போய் அந்தப் பக்கம் மறுபடி எழுத்தாக விழும். யார் பெயர் விடுபட்டிருக்கிறதோ அந்தத் திசைக்குப் படகு போகும். ஏற்பாடு அதுதான்.

"பேர் சொல்லுங்க" என்று தட்டினார் தர்மராஜ்.

ஆஜர்கள் விழுந்தன. அமிர்தம் ஆஜர். பாரி ஆஜர். ஏழு மூன்றுக்கு, "பாண்டியன்: ஆஜர்."

அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள் நீலாவதி. சத்தியமாக ஒரு நொடி அவளே நம்பிவிட்டாள். அடுத்த நொடி, பெட்டிக்கு அப்படிச் சொல்லப் பழக்கியதே தான்தான் என்பது ஞாபகம் வந்தது.

"பாத்தியாம்மா, நீ பயந்தியே. தொட்டிப் பெட்டியும் வேல செய்யுது, ஆளும் ஆஜர் சொல்லிட்டாரு. எங்கியாவது மெத்த வூட்டு மாடியில உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பாரு" என்று சொல்லிக்கொண்டே தர்மராஜ் பாண்டியன் பெயருக்கு நேராக டிக் போட்டார்.

ஐந்து நிமிடம் முடிந்தது. விடுபட்டது ஒரே பெயர், ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் காத்தவராயன். அவர் பெட்டியில் என்றைக்கும் சார்ஜ் இருந்ததில்லை. இருந்தாலும் சொன்னால் சொன்னதுதான். சாமிதுரை டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "அப்ப ஸ்ரீமுஷ்ணம் ரோடு. கெளம்பறோம்."

நீலாவதி ஜன்னல் பக்கம் திரும்பி, "எங்க இருக்கீங்க, ஒரு வார்த்த போடுங்க" என்று புருஷனுக்குத் தட்டினாள். உடனே டிக் விழுந்தது. மற்றவர்கள் பார்த்தால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். புகைபோக்கிப் பெட்டி வாங்கிக்கொண்டது என்பதுதான் அந்த டிக்குக்கு அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பதில் வரவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். அதற்கும் டிக் விழுந்தது, பதில் இல்லை.

சொல்லிவிடலாமா? சொன்னால் மானம் போகும், அது போகட்டும். படகு இந்தப் பக்கம் திரும்பி, பாண்டியன் நிஜமாகவே மெத்தை வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்து, அங்கே காத்தவராயன் தண்ணீரில் கிடந்தால்? அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? சொல்லாமல் இருந்தால்? அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை. பூட்ஸ் சத்தம் படியில் இறங்க ஆரம்பித்தது.

"சார், நில்லுங்க" என்றாள். "அந்த ஆஜர் எங்க வூட்டுக்காரரு சொன்னது இல்லீங்க. பொட்டி தானா சொல்லுது. நான்தான் அப்பிடி வெச்சேன்."

தர்மராஜுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எத்தினி நாளா?"

"நாலு மாசமாண்ணே."

"வேற யாருக்காவது செஞ்சு குடுத்திருக்கியா?"

அவள் தலை குனிந்தாள். "அமிர்தம் அக்காவும் பாரியும் கேட்டாங்க."

தர்மராஜ் பேனாவை எடுத்து மூன்று டிக்கையும் அடித்தார், தாள் கிழிகிற அளவுக்கு. பிறகு அமிர்தத்துக்கும் பாரிக்கும் தட்டினார்: "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? கையால தட்டி பதில் போடுங்க." ஒரு நிமிடத்தில் அமிர்தம், "உப்புமா. ஏன், அனுப்பி வெக்கறீங்களா?" என்று போட்டாள். பாரி, "கஞ்சி" என்றான். பாண்டியனுக்கும் அதே கேள்வி போனது. மாடியில் இருந்த மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாண்டியனிடமிருந்து எதுவும் வரவில்லை.

சாமிதுரைதான் முதலில் அசைந்தார். "ஸ்ரீமுஷ்ணம் ரோட்டுல டிராக்டர் போவுது. அதுல ரெண்டு பேர அனுப்பறேன். படகு கம்மாபுரத்துக்கு. தொட்டி எந்தப் பக்கம், சொல்லும்மா."

கம்மாபுரம் தாண்டி, ஜீப் அதற்குமேல் போக முடியாத இடத்தில் படகை இறக்கினார்கள். ஜீப்பில் கூட வந்த நீலாவதி அங்கேயே தார் ரோட்டில் நின்றாள். ரோடு இறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. செம்மண் நிறத்தில், வைக்கோலையும் செருப்புகளையும் இழுத்துக்கொண்டு தண்ணீர் குறுக்காக ஓடிக்கொண்டிருந்தது. படகு சத்தம் தேய்ந்து மறைந்தது. காத்தவராயன் வீட்டு மாடியில் பத்திரமாக இருக்கிறார் என்று தர்மராஜ் தட்டிய வரி வந்தது. அவள் படித்தாள், ஆனால் மனசில் ஏறவில்லை. ரெயின்கோட்டின் கடைசி பட்டனை அவன் போட்டானா என்பதை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். அவனைப் போகச் சொன்னவள் அவள்; அவன் காணாமல் போனதை மறைத்து வைத்தவளும் அவள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

ஒன்பதே முக்காலுக்குப் படகு திரும்பியது. முன்னால் ஒரு கிழவரும் இரண்டு ஆடும். நடுவில் பாண்டியன் உட்கார்ந்திருந்தான், அவளைப் பார்த்துக் கையாட்டினான்.

அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய் அவன் கையைப் பிடித்தாள். கை சில்லென்று விறைத்திருந்தது. படகை இழுத்துக் கட்டிய ஃபயர்மேன் அவளிடம் சொன்னான்: "தொட்டி மேலதாங்க இருந்தாரு. தொட்டியோட ஒரு காலுக்குக் கீழ மண்ணே இல்ல. நாங்க எறக்கி அம்பது அடி வந்திருப்போம், தொட்டி சாஞ்சிடுச்சி."

ஜீப்பில் யாரோ ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்கள். பாண்டியன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப உற்சாகமாகப் பேசினான். போன் தண்ணீரில் போய்விட்டதாம். வண்டி கரைமேல், பெட்டியோடு, எட்டாத தூரத்தில் நிற்கிறதாம். ஏழு மணி வாக்கில் ஊர்ப் பையன்கள் பேரல் கட்டின தெப்பத்தில் வந்து கூப்பிட்டார்களாம்.

"நான்தான் வரலன்னுட்டேன். வயசானவங்களயும் பிள்ளைங்களயும் ஏத்திட்டுப் போங்கடா, எனக்கு ஆளு வரும்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"ஏங்க அப்பிடி சொன்னீங்க?" என்றாள்.

"பின்ன என்ன? ஏழு மணிக்கு தர்மராஜ் அண்ணன் பேரு கூப்புடுவாரு. என் பதில் வராது. வரலன்னா ஆளு அனுப்பணும்னு நேத்துதான சொன்னாரு? நீ வேற பக்கத்துல இருப்ப. அரை மணி நேரத்துல படகு வந்துடும்னு கணக்குப் போட்டேன். பயமே இல்ல நீலா. கொஞ்சம் லேட்டாயிடுச்சி, அவ்ளோதான்."

சாமிதுரை வேறு பக்கம் பார்த்தார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அவர் முகம் சொன்னது. நீலாவதிக்கும் அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இன்னொரு பொய்யை அவன் பெயரில் சொல்ல அவளால் ஆகவில்லை.

"உங்க பதில் வந்துச்சிங்க" என்றாள். "ஏழு மூணுக்கு. நான் பொட்டிய அப்பிடி செஞ்சு வெச்சிருந்தேன். தானா ஆஜர்னு சொல்லிடுச்சி. அண்ணன் டிக் போட்டுட்டாரு. படகு ஸ்ரீமுஷ்ணம் போவக் கெளம்பிடுச்சி."

பாண்டியன் அவளைப் பார்த்தான். பிறகு திரும்பித் தண்ணீர் போகிற திசையைப் பார்த்தான். தெப்பத்தில் வந்த பையன்களை அவன் திருப்பி அனுப்பிய இடம் அங்கேதான் எங்கோ இருந்தது. மூன்று மணி நேரம் தொட்டி மேல் நடுங்காமல் உட்கார்ந்திருந்தவனுக்கு, இங்கே தரையில், பெண்டாட்டி பக்கத்தில், கை நடுங்க ஆரம்பித்தது. டீ ததும்பி மடியில் கொட்டியது. அவன் அதைத் துடைக்கவில்லை.