ஓடியதற்கு மறுநாள்

மாலைக் கூட்டம் நிரம்பிய உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டிய தம்பி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொடுத்தான். கூடத்தின் முதலாளியான அண்ணனுக்கு, ஊரெல்லாம் மாஸ்டர் என்றழைக்கும் அந்தப் பெருமகனுக்கு, அது மானப் பிரச்சினை. நோய் என்பதே ஒழுக்கக் குறைவு என்று நம்புகிற ஆள் அவர். அவருக்கு மட்டும் ஜலதோஷம் பிடித்தால் அதற்குப் பெயர் தூசி.

தம்பிக்கு வைரஸ் காய்ச்சல் வந்து போய் மாதங்களாகிவிட்டன. இன்னும் படியேறினால் மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் அலைந்தால் மறுநாள் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்றான். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருப்பதாகக் கேள்விப்பட்டதும் மாஸ்டர் வைத்தியம் படிக்காமலே முடிவு கட்டினார்: நடிப்பு.

அன்றைக்கு எல்லோர் முன்னாலும் டிரெட்மில்லைக் காட்டினார். "ஏறி ஓடு. இல்லன்னா நாளைக்கு வேற ஆள வச்சுக்கிறேன்."

தம்பி ஓடினான். நன்றாகவே ஓடினான். மாஸ்டர் கைதட்டினார், கூட்டமும் தட்டியது. அதைப் படமெடுத்து, மன உறுதியே மாமருந்து என்று ஒரு வரியும் சேர்த்துச் சொந்தபந்தங்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். பாராட்டுகள் வந்து குவிந்தன. ஓடியவனை விட்டுவிட்டு ஓட்டியவரைத்தான் பாராட்டினார்கள்.

மறுநாள் தம்பி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. திட்ட வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே அவன் வீட்டுக்குப் போனார்.

ஜன்னல்களை மூடி இருட்டாக்கியிருந்தார்கள். வெளிச்சம் பட்டால் தலை வெடிக்கிறதாம். தம்பி கட்டிலில் கிடந்தான். அவன் மனைவி தண்ணீரைக் கரண்டியால் புகட்டிக்கொண்டிருந்தாள். டம்ளரைப் பிடிக்க அவன் கையில் தெம்பில்லை.

"டெஸ்ட்டெல்லாம் சரின்னு சொன்னாங்களேம்மா," என்றார் மாஸ்டர். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

"அசையாம வச்சு எடுத்த டெஸ்ட்டெல்லாம் சரிதான் மாமா. இந்த மாதிரி உடம்பு ஒரு நாள் நல்லாவே ஓடிடும், அடி மறுநாள்தான் விழும்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. இவரும் உங்ககிட்ட வந்து சொன்னாரு. நீங்க சிரிச்சீங்க." கரண்டியைக் கீழே வைத்தாள். "ஓடுனத படம் எடுத்தீங்களே. இத எடுக்கலையா?"

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்த போனைக் கையால் மூடிக்கொண்டார்.

கட்டிலிலிருந்து முனகல் கேட்டது. "அண்ணே... வேற ஆள் வச்சுட்டியா?"

எத்தனையோ பேரைத் தண்டால் எடுக்க வைத்த மனிதர், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "வைக்கலடா. உன் எடம் உனக்குத்தான். மெதுவா வா. காய்ச்சல் விட்டதும் நோயும் விட்டுடுச்சுன்னு நெனச்சுட்டேன். முடியலன்னு சொல்றவன நம்பாம வெரட்டுறது பயிற்சி இல்லடா, கொடுமை."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். பேசுவதற்கும் பலம் வேண்டுமே.

"இத இங்க சொல்லிப் பிரயோசனமில்ல மாமா," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "எங்க நின்னு கைதட்டுனீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. அந்தப் படத்தப் பாத்துட்டு இன்னொரு வீட்லயும் ஒருத்தர இப்படி ஓட விட்டுடப் போறாங்க."