மேல்-கீழ் டிராக்

பழைய லேசர் காட்சிகளின் டேப்புகளோடு குடித்தனம் நடத்துவதால் அந்த அருங்காட்சியகத்தில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் பாட்டுக்கு ஏற்ப லேசர் ஒளியை ஆடவிட்டவர்கள், அந்த ஆட்டத்தை எட்டு டிராக், அதாவது எட்டுத் தனித்தனித் தடம் உள்ள டேப்பில் பதிந்து வைத்தார்கள். இரண்டு டிராக்கில் பாட்டு. ஒளியைத் திருப்பும் குட்டிக் கண்ணாடி இடம் வலமாக எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதற்கு ஒன்று, மேலும் கீழும் எவ்வளவு என்பதற்கு ஒன்று, மீதியெல்லாம் நிறத்துக்கு. வருஷம் போகப் போக டேப்பின் பசை இளகிப் பிசுபிசுத்துவிடும். அதை மிதமான சூட்டில் எட்டு மணி நேரம் வாட்டி எடுத்து, ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வாட்டிய டேப் நம் வசதிக்குக் காத்திருக்காது. அதனால்தான் தான் மீட்டெடுத்த முதல் காட்சி நான்கு தெரு தள்ளி அரங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது, டேப்பக்கா பட்டறையில் அடுத்த டேப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

காட்சி சரியாக நான்கு மணிக்குத் தொடங்கியிருக்கும். அதில் ஐயமே வேண்டாம், ஏனென்றால் ஆபரேட்டர் மணிக்கூண்டு. ஆளும் உயரம், நேரமும் தவறாது. ஊழியர்களின் குடும்பத்துக்கு மட்டுமான வெள்ளோட்டம், நாற்பது பேர். முதல் இரண்டு பாட்டுக்கு ஒளி திரையில் படம் வரையும். நான்கு மணி பத்து நிமிடத்துக்கு மூன்றாவது பாட்டு. அதில்தான் மேடையில் இருக்கும் இரண்டாவது லேசர் பார்வையாளர் பக்கம் திரும்பி, புகைக்குள் அவர்கள் தலைக்கு மேல் பச்சைக் கூரை போடும். அதற்குள் வந்துவிடுகிறேன் என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள்.

நான்கு மணி நான்கு நிமிடத்துக்குத்தான் அவள் அந்த முள்ளைப் பார்த்தாள்.

டேப்பில் இருப்பதை மின்சாரமாக்கித் தரும் பழைய பெட்டியில் ஒரு மீட்டர். மேல்-கீழ் டிராக்கின் முள் 'மேல்' பக்கம் சாய்ந்து, அங்கேயே அசையாமல் நின்றது. அதே நொடியில் கம்ப்யூட்டர் திரையில் அதே டிராக்கின் கோடு நடுவுக்கு வந்து படுத்துக்கொண்டது. முள் ஒன்று சொல்கிறது, திரை வேறொன்று சொல்கிறது. இரண்டில் பொய் சொல்வது எது என்று அவளுக்கு உடனே புரிந்தது.

பாட்டுப் பதிவதற்காகச் செய்த கருவியைத்தான் அவள் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தாள்; இப்போது அரங்கில் ஓடும் காட்சியைப் பதிந்ததும் அதில்தான். அது அசைவதை மட்டும் பதியும், அசையாமல் நிற்பதை விட்டுவிடும். ஊஞ்சல் எப்படி ஆடியது என்று எழுதிக்கொள்ளும், எந்த உயரத்தில் கட்டியிருந்தது என்று எழுதாது. பாட்டுக்கு அது போதும். லேசருக்கு? ஒளி ஆளின் தலைக்கு மேலேயே நிற்க வேண்டும் என்று அந்தக் காலத்து ஆள் கொடுத்திருந்த உயரம், அவள் பதிந்ததில் இல்லவே இல்லை. பச்சைக் கூரை அப்படியே கீழே இறங்கியிருக்கும். முந்தாநாள் ஒத்திகையில் அவளும் மணிக்கூண்டும் லேசருக்குப் பக்கத்தில் நின்று, பிரமாதம் பிரமாதம் என்று கைதட்டினார்கள். நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இரண்டு மேதாவிகளுக்கும் தோன்றவில்லை.

எவ்வளவு இறங்கும்? மேசையில் கிடந்த அரங்கின் வரைபடத்தில் அடிக்கோல் வைத்துப் பார்த்தாள். முன் வரிசைகள் பள்ளத்தில் இருக்கின்றன, ஒளி அவற்றைத் தாண்டிப் போய்விடும். படிப்படியாக உயர்ந்துபோகும் இருக்கைகளில் அது நேராக மோதுகிற இடம் ஒன்பதாவது வரிசை, உட்கார்ந்திருப்பவரின் முகம்.

ஒன்பதாவது வரிசையின் நடு நாற்காலியில்தான் தங்கை உட்காருவாள். எந்த அரங்குக்குப் போனாலும் அங்கேதான். ஒற்றைக் கண்ணுக்குத் தள்ளி உட்கார்ந்தால்தான் முழுசாகத் தெரியும் என்பாள். "எனக்கு அரை டிக்கெட் போதும்க்கா, பாதிதானே பாக்கறேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள், டேப்பக்காவைத் தவிர.

வலது கண் நான்கு வயதில் போனது. அக்காவுக்கு அப்போது ஏழு வயது. காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள், சின்னவள் எனக்கு எனக்கு என்று பிடித்து இழுத்தாள். கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. விபத்து என்று அப்பா சொன்னார், அம்மா சொன்னாள், தங்கையும் சொன்னாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழி மட்டும் அந்த வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை.

மணிக்கூண்டின் செல்போன் அணைந்திருந்தது. தங்கையுடையதும் அப்படியே. ஏன் அணைந்திருக்காது? லேசர் பட்டால் போன் கேமரா கருகிவிடும், ஆபரேட்டர் முதற்கொண்டு எல்லோர் போனையும் அணைத்து வாசலில் பெட்டியில் போடுங்கள் என்று சட்டம் போட்டவளே அவள்தானே. கேமராவைக் காப்பாற்ற அவ்வளவு புத்தி இருந்தது. டிக்கெட் கவுண்டருக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இலவசக் காட்சிக்குக் கவுண்டரில் யார் உட்காருவார்கள்?

நான்கு மணி ஐந்து நிமிடம். டேப்பை ஓடவிட்டபடியே அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

நாற்பத்தாறு வயதில் ஓடுவது என்பது பாதி ஓட்டம், பாதி விழுதல். முதல் தெருவிலேயே மூச்சு முட்டியது. இரண்டாவது தெருவில் சாக்கடை வேலைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பலகை மேல் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் முட்டித் தள்ளிக்கொண்டு போனாள். பின்னால் யாரோ கண்ணு தெரியலையா என்று திட்டினார்கள். இன்னொரு கண்ணும் என் கையாலேயா, என் கையாலேயா என்று மனசு அதையே அரைத்துக்கொண்டிருந்தது. செருப்பு ஒன்று கழன்றது. அதை யார் எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பது?

அரங்கின் பக்கவாட்டுக் கதவை அவள் திறந்தபோது மூன்றாவது பாட்டு தொடங்கிவிட்டிருந்தது.

உள்ளே புகையும் பச்சையுமாக இருந்தது. அதைப்போல அழகான ஒன்றை அவள் உண்டாக்கியதே இல்லை, அதைப் பார்த்து அவ்வளவு பயந்ததும் இல்லை. முன் வரிசைக் குழந்தைகள் தலைக்கு மேல் போகும் ஒளியைத் தொடக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்; கை எட்டவில்லை. ஆறாவது வரிசைக்குப் பின்னால் ஆளே இல்லை, ஒன்பதில் ஒருத்தியைத் தவிர. அவள் முகத்தின் குறுக்கே, மூக்குக்கு மேலே, பச்சைக்கோடு ஒன்று படுத்திருந்தது.

டேப்பக்கா கத்தினாள். பாட்டுச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. எல்லாவற்றையும் அணைக்கும் சிவப்பு ஸ்விட்ச் மணிக்கூண்டின் மேசையில், அரங்கின் மறுபக்கம். லேசரோ பத்தடியில். மேடையில் ஏறிக் கைப்பையை அதன் வாயில் வைத்து அழுத்தினாள். அரங்கு இருண்டது. விரியுமுன்னே ஒளி முழுதும் ஓரிடத்தில் விழுந்ததில் பையின் தோல் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. மணிக்கூண்டு எதையோ புரிந்துகொண்டு ஸ்விட்சைத் தட்டினார், பாட்டும் நின்றது. விளக்குகள் எரிந்தன. குழந்தைகள் ஏமாற்றத்தில் முனகினார்கள்.

ஒன்பதாவது வரிசைவரை எப்படிப் படியேறினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தங்கை கையை மடியில் கோத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

டேப்பக்கா முகத்துக்கு நேராக விரல்களை நீட்டினாள். "எத்தனைன்னு சொல்லு. சீக்கிரம் சொல்லு."

"மூணு. என்னக்கா ஆச்சு? ஏன் ஒத்தைச் செருப்போட வந்திருக்க?"

"கறுப்பா ஏதாவது மிதக்குதா? நடுவுல புள்ளி மாதிரி?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் தெளிவாத் தெரியுது."

"பொய் சொல்லாத. லைட்டு உன் கண்ணு மேலயே பட்டுச்சு. நான் பாத்தேன்."

ஏதோ ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று தங்கை யோசிப்பது தெரிந்தது. கீழே மணிக்கூண்டு எல்லோரையும் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுத்தான்க்கா இருந்தேன்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"லைட்டு அணைச்சதுலேர்ந்து. முதல் பாட்டுலேர்ந்தே."

தப்பித்தது, கண் தப்பித்தது. டேப்பக்கா பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்புறம்தான் மற்றது உறைத்தது. போன வருஷம் சின்ன அரங்கில் அவள் போட்டுக் காட்டிய நீலப் பறவையைப் பற்றி இவள் ஒரு வாரம் பேசினாளே. அதற்கு முந்தின வருஷம் அந்தச் சுழலும் நட்சத்திரம்?

"அதெல்லாம்?" என்று கேட்டாள்.

"பக்கத்துல இருக்கறவங்க சொல்றதைக் கேட்டு வெச்சுக்குவேன். நீ கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?" தங்கையின் குரலில் கோபம் இல்லை. "நீ ஏதாவது செய்யற எடத்துல இருந்தா கண்ணை மூடிக்குவேன். சின்ன வயசுலேர்ந்து பழகிடுச்சு."

"என்னைக் கண்டா உனக்குப் பயமா?"

தங்கை இல்லையென்று அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

"உன்னைக் கண்டு இல்லக்கா. உன் கையைக் கண்டுதான்."

மூன்று விரல்கள் இன்னும் தங்கையின் முகத்துக்கு நேராகவே நீண்டிருந்தன. டேப்பக்கா அவற்றை மெல்ல மடக்கி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.